பெட்ரோலை மிச்சப்படுத்துவது காந்தமா, காலா?

தெருவுக்குப் புதிதாக ஒரு கார் வந்தால் போதும். அக்கம்பக்கத்தார் அதன் நிறத்தைப் பார்ப்பார்கள், கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள், கடைசியில் எல்லாரும் ஒரே கேள்விக்கு வந்து சேருவார்கள்: "என்ன மைலேஜ் கொடுக்குது?" மைல் கற்கள் கிலோமீட்டர் கற்களாக மாறி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் மைலேஜ் மட்டும் நம் பேச்சைவிட்டுப் போகவில்லை. பணத்தோடு ஒட்டிக்கொண்ட சொல் எளிதில் சாவதில்லை போலும்!

மைலேஜைக் கூட்ட வழி கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டச் சொல்பவர் ஒருவர். டேங்கில் ஏதோ ஒரு திரவத்தைச் சில சொட்டு விடச் சொல்பவர் இன்னொருவர். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டச் சொல்பவரும் உண்டு. இவற்றில் முதல் இரண்டும் பணத்துக்குக் கேடு. மூன்றாவது உயிருக்கே கேடு. நீங்கள் இன்னும் கார் ஓட்டும் வயதை எட்டவில்லை. ஆனால் பள்ளி இயற்பியல் நூலில் விசை, வேலை, ஆற்றல் என்னும் மூன்று பாடங்களைப் படித்துவிட்டீர்கள். மைலேஜைப் பற்றிப் பேச அந்தத் தகுதி போதும். ஏன், காந்தம் விற்பவரைவிட உங்களுக்குத்தான் தகுதி அதிகம் என்பேன்.

முதலில் ஒரு லிட்டர் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அதை முழுவதும் எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல், அதாவது 32,000 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். இவ்வளவும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. பெரும்பங்கு புகைபோக்கி வழியே சூடான வாயுவாக வெளியேறுகிறது. ஏறக்குறைய அதே அளவு ரேடியேட்டர் வழியே காற்றில் கலக்கிறது. எஞ்சினுக்குள்ளும் பல்சக்கரங்களுக்குள்ளும் உள்ள உராய்வு தன் பங்கை வாங்கிக்கொள்கிறது. சக்கரத்தை உண்மையில் உருட்டுவது சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான். வெப்பத்தை முழுவதும் வேலையாக மாற்றும் எந்திரத்தை எவராலும் செய்ய முடியாது என்பதை 1824ஆம் ஆண்டிலேயே சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் காட்டிவிட்டார். ஆகவே இதற்காக மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

இனி ஒரு நாணயமாற்றுக் கணக்கு. பெட்ரோல் விலை லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய்க்கு 10 மில்லிலிட்டர் வருகிறது. அதிலுள்ள ஆற்றல் 320 கிலோஜூல். சக்கரத்தை அடைவது அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 64 கிலோஜூல். 'ஒரு ரூபாய் என்பது சக்கரத்தில் 64 கிலோஜூல்.' இந்த ஒரு வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதைக்கொண்டே நடக்கும்.

காந்தக்காரரை அனுப்பிவிட்டு மேலே செல்வோம். "காந்தம் பெட்ரோல் மூலக்கூறுகளைப் பிரித்துவிடுகிறது, அதனால் முழுமையாக எரிகிறது, முப்பது விழுக்காடு மிச்சம்" என்பது அவர் வாதம். பெட்ரோல் ஒரு டயாகாந்தப் பொருள்; காந்தம் அதனிடம் ஏறக்குறைய எதையும் செய்துவிட முடியாது. அது கிடக்கட்டும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் எரியாமல் வெளியேறும் பெட்ரோல் ஓரிரு விழுக்காடுதான். இருப்பதே இரண்டு விழுக்காடு. அதிலிருந்து முப்பதை எப்படி மிச்சம் பிடிப்பது? நமக்கு ஏற்படும் இழப்பு எரியாத பெட்ரோலில் இல்லை. எரிந்த பெட்ரோலின் வெப்பத்தில் இருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளையும் கலவைகளையும் நூற்றுக்கு மேல் ஆராய்ந்து பார்த்தது. குறிப்பிடத்தக்க அளவு மைலேஜைக் கூட்டிய ஒன்றும் அகப்படவில்லை.

நம் மாநிலத்திலும் 1996இல் ஓர் ஆரவாரம் எழுந்தது. தண்ணீரோடு மூலிகையைச் சேர்த்தால் பெட்ரோல் வரும் என்றார்கள்; படித்தவர்களும் நம்பினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2016இல், சென்னை நீதிமன்றம் அதை மோசடி என்று கண்டு தண்டனை விதித்தது. தண்ணீர் என்பது எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்புச் சாம்பலை மறுபடியும் எரித்துச் சோறு சமைக்க முடியுமா? எட்டாம் வகுப்பு வேதியியல் அறிந்த ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சரி, பணம் உண்மையில் எங்கேதான் போகிறது? பெரும்பாலும் பிரேக்கில் போகிறது என்பதே என் விடை. பயணிகளோடு சேர்த்து 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் என்ன? நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். ஏறத்தாழ 62 கிலோஜூல் வரும். நம் மாற்றுக் கணக்கின்படி ஒரு ரூபாய். பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தினால் அந்த ஒரு ரூபாயும் பிரேக் கட்டையில் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. மறுபடியும் அதே வேகத்துக்கு வர இன்னொரு ரூபாயை எடுத்து வைக்க வேண்டும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தால்? வேகம் இரு மடங்கு என்பதால் இரண்டு ரூபாய் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். நான்கு ரூபாய்! 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் ஆறு ரூபாய். வர்க்கம் என்னும் சின்னச் சொல் இப்படிப் பையில் கை வைக்கும்.

பிரேக்கே போடாமல் ஓட்ட முடியாது. குறுக்கே குழந்தை ஓடி வந்தால் எவரும் ரூபாயைக் கணக்குப் பார்க்கமாட்டார்கள்; பார்க்கவும் கூடாது. நான் சொல்வது வேறு வகைப் பிரேக்கை. முந்நூறு மீட்டர் தொலைவில் சிவப்பு விளக்கு தெரிகிறது. ஓட்டுநர் ஒருவர் அதுவரை ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே போய்க் கோட்டருகே பிரேக்கை அழுத்துகிறார். இன்னொருவர் விளக்கைக் கண்டதுமே காலை எடுத்துவிடுகிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நம் கார், சமதளச் சாலையில், கியரையும் விட்டுவிட்டால் தன் ஆற்றலைக்கொண்டே அரைக் கிலோமீட்டருக்கு மேல் உருளக்கூடியது. கியரில் இருந்தபடி காலை எடுத்தால் அதைவிடக் குறைந்த தூரமே உருளும். என்றாலும் விளக்கை நோக்கிய பாதையில் பெரும்பங்கு இலவசமாகக் கிடைக்கும். இரண்டாமவர் விளக்கை நெருங்கும்போது அது பச்சையாக மாறியிருந்தால் அவர் நிற்கவும் வேண்டியதில்லை. இருவரும் அடுத்த விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முன்னவர் மிச்சம் பிடித்த நேரம் எங்கே?

நகரத்துக்குள் 10 கிலோமீட்டர் போகும் ஒரு பயணத்தைக் கணக்கெழுதிப் பார்ப்போம். டயரின் உருளும் தடையையும் காற்றின் தடையையும் வெல்ல 27 ரூபாய் ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபது முறை நின்றால் 20 ரூபாய். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் சிறிய கார்கூட மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று கொள்ளலாம். விளக்குகளில் மொத்தம் பத்து நிமிடம் நின்றால் 10 ரூபாய். ஆக 57 ரூபாய். இதில் உங்களை ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கொண்டுசேர்த்தது 27 ரூபாய்தான். மற்ற 30 ரூபாயும் நின்றதற்கும் நிறுத்தியதற்கும் கொடுத்த கட்டணம். அதில் பாதியை நிதானமாக ஓட்டுபவர் காப்பாற்றிவிடுவார். நாள் முழுதும் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சிறு தொகையன்று. வாரத்தில் ஒரு நாள் வருமானத்தைக்கூட நெருங்கக்கூடும்.

ஹைபிரிட் கார்கள் நகரத்தில் அதிக மைலேஜ் கொடுப்பதன் இரகசியமும் இதுவே. 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் கார், வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரையே டைனமோவாக்கி அந்த ரூபாயில் ஒரு பகுதியைப் பேட்டரியில் திரும்பப் போட்டுக்கொண்டது. மின்சாரக் கார்களும் அப்படியே. அதாவது, விலையுயர்ந்த பொறியியல் செய்யும் வேலையில் ஒரு பங்கைச் சாதாரணக் காரில் ஓட்டுநரின் வலது கால் செய்யலாம்.

நெடுஞ்சாலையில் கதை மாறுகிறது. அங்கே பிரேக்குக்கு வேலை குறைவு, எதிரி காற்று. நம் காரில் டயரின் உருளும் தடை எந்த வேகத்திலும் ஏறக்குறைய 120 நியூட்டன்தான். காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் அதுவும் ஏறக்குறைய 120 நியூட்டன், 80இல் 207, 100இல் 324. இரண்டையும் கூட்டினால், ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு 80இல் சுமார் 5 ரூபாய், 100இல் சுமார் 7 ரூபாய். திருச்சியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர். 80க்குப் பதில் 100இல் போனால் 20 நிமிடம் முன்னதாகச் சேரலாம். கணக்குப்படி கூடுதல் செலவு 250 ரூபாய்க்கு அருகில் வருகிறது. எஞ்சின் அதிகச் சுமையில் சற்றுத் திறமையாக வேலை செய்யும் என்பதால் சாலையில் வேறுபாடு இதைவிடக் குறையும். பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்துக்கு 120 ரூபாய். மருத்துவமனைக்கு விரைபவர் தாராளமாகக் கொடுக்கலாம். மதுரையில் இறங்கிக் கால்மணி நேரம் காபி குடிப்பவர் ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அதற்காக 30இல் ஊர்ந்தால் இன்னும் மிச்சம் என்று எண்ணிவிடாதீர்கள். எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளவும் செலவு உண்டு. மெதுவாகப் போனால் அந்தச் செலவு அதிக நேரம் நீள்கிறது. பெரும்பாலான கார்களுக்கு உயர்ந்த கியரில் 50 முதல் 70 வரையுள்ள வேகமே சிக்கனமானது.

வேகத்தைக் குறைத்துப் பெட்ரோலைக் காக்கும் சோதனையை ஒரு நாடே செய்து பார்த்திருக்கிறது. 1973 அக்டோபரில் மேற்காசியப் போரையொட்டி அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1974 ஜனவரியில் அமெரிக்கா நாடெங்கும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று சட்டம் செய்தது. எதிர்பாராத ஒரு பலனும் கிட்டியது: 1973இல் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் ஏறத்தாழ 54,000 பேர், 1974இல் 45,000 பேர். வண்டிகள் ஓடியதே குறைந்ததும் ஒரு காரணம்தான். வேகம் குறைந்ததும் ஒரு காரணம். அந்தச் சட்டம் 1995இல் நீக்கப்பட்டது. பெட்ரோல் மலிவாகிவிட்டால் இயற்பியலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

காற்றுத் தடை காரின் முகப்புப் பரப்பையும், உருளும் தடையும் இயக்க ஆற்றலும் அதன் நிறையையும் பொறுத்தவை. 1983இல் மாருதி 800 வந்தபோது அதன் மைலேஜ் பலரை வியக்க வைத்தது. அதன் நிறை சுமார் 650 கிலோகிராம். அன்றைய அம்பாஸடர் 1,100 கிலோகிராமுக்கு மேல். வியப்பில் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. இன்றோ உயரமான, கனமான கார் என்றால் ஒரு மதிப்பு. மனிதர் நால்வரை ஏற்றிச் செல்ல ஒன்றரை டன் இரும்பை வாங்கிவிட்டு, பிறகு மைலேஜுக்காகக் காந்தம் தேடுவது வேடிக்கையல்லவா? எடையும் வடிவமும் என்ன செய்யும் என்பதைச் சூரிக் நகரிலுள்ள சுவிஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் 2005இல் காட்டினார்கள். அவர்கள் கட்டிய 'பாக்-கார் 2' ஒருவர் படுத்தபடி ஓட்டும் வண்டி; நிறை 30 கிலோகிராமுக்கும் குறைவு; நீர்த்துளி போன்ற வடிவம். ஹைட்ரஜனில் ஓடிய அது, பெட்ரோலுக்குச் சமமாகக் கணக்கிட்டால், ஒரு லிட்டருக்கு 5,385 கிலோமீட்டர் ஓடியது! அதில் காய்கறி வாங்கப் போக முடியாது, உண்மைதான்.

டயரில் காற்று குறைந்தால் உருளும் தடை கூடும். மாதம் ஒரு முறையாவது, வண்டி சூடாவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். இதில் கிடைப்பது ஓரிரு விழுக்காடுதான் என்றாலும் செலவில்லாத இலாபம். கூரைமேல் சுமை கட்டும் கேரியரைத் தேவையில்லாதபோது கழற்றி வைக்கலாம். ஏ.சி. கோடைக்கால நகர நெரிசலில் பெட்ரோலில் பத்திலொரு பங்கையும் அதற்கு மேலும் விழுங்கக்கூடியது. ஆனால் நெடுஞ்சாலையில் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டினால் காற்றுத் தடை கூடும். அங்கே ஏ.சி. போட்டுக்கொள்வதில் தவறில்லை.

இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டும் பழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கொடைக்கானலிலிருந்து சமவெளிக்கு வரும் கார் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் இறங்குகிறது. நம் 1,000 கிலோகிராம் காருக்கு அது 17,600 கிலோஜூல் நிலை ஆற்றல். காற்றும் டயரும் அதில் பாதியை வாங்கிக்கொண்டாலும், மீதி 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினை அணைத்துவிட்டால் அவ்வளவு சூடும் பிரேக்குகளின் தலையில் விழுகிறது. அளவுக்கு மீறிச் சூடான பிரேக் பிடிக்காது. மேலும், பிரேக் மிதிக்கத் துணை செய்யும் வெற்றிட அமைப்பு எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். மலைப்பாதையில் 'தாழ்ந்த கியரில் இறங்கவும்' என்று எழுதி வைத்திருப்பது இதனால்தான். கியரில் இருந்தால் எஞ்சினே பாதிச் சுமையைத் தாங்குகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இன்று வரும் கார்களில் பெட்ரோலைப் பீய்ச்சுவது மின்னணுக் கட்டுப்பாட்டில் நடக்கிறது. கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். எஞ்சினைச் சக்கரமே சுழற்றும். நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணைந்துவிடாமலிருக்கச் சிறிது பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே நியூட்ரலில் இறங்குபவர் உயிரைப் பணயம் வைத்துச் செலவைக் கூட்டிக்கொள்கிறார். உங்கள் வீட்டு வண்டியில் எவரேனும் இப்படிச் செய்தால், மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். வயதில் சிறியவர் என்று தயங்க வேண்டியதில்லை.

மைலேஜ் என்னும் எண்ணே நம்மைச் சில சமயம் ஏமாற்றும். ஒரு வீட்டில் இரண்டு கார்கள். இரண்டும் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகின்றன. பழைய பெரிய கார் லிட்டருக்கு 10இலிருந்து 12ஆக முன்னேறுகிறது. சிறிய கார் 20இலிருந்து 25ஆக. எதில் அதிகப் பணம் மிச்சம்? பெரும்பாலோர் சிறிய கார் என்பார்கள். வகுத்துப் பாருங்கள்: பெரிய காரில் 16 லிட்டருக்கு மேல் மிச்சம்; சிறிய காரில் 10 லிட்டர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லாரிக், ஜாக் சோல் என்னும் இருவர் 2008இல் 'சயன்ஸ்' இதழில் இந்த மயக்கத்தை விளக்கி எழுதினர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவதே நேர்மையான கணக்கு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நீங்களும் அப்படியே எழுதத் தொடங்கலாம். பங்கில் டேங்கை நிரப்பி, பம்பு தானாக நின்றதும் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே பங்கில் அதே போல நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள். ஒரு டேங்க் கணக்கு போதாது. மூன்று நான்கு டேங்குகளின் சராசரி வேண்டும்.

ஒரு முன்னெச்சரிக்கை. அளக்கிறார்கள் என்று தெரிந்ததுமே ஓட்டுநரின் கால் நிதானமாகிவிடும். காந்தம் வாங்கிய பலர் "எனக்கு மைலேஜ் கூடியது" என்று சத்தியம் செய்வதற்கும் இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். பணம் போட்டு வாங்கியதால் அன்றுமுதல் மென்மையாக ஓட்டுகிறார்கள், புகழ் காந்தத்துக்குப் போகிறது. உங்கள் மாமாவோ சித்தப்பாவோ அப்படி ஒன்றை மாட்டியிருந்தால், அவர் சம்மதத்தோடு மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள்: இரண்டு மாதம் மாட்டியிருக்க வேண்டும், இரண்டு மாதம் கழற்றியிருக்க வேண்டும், எது முதலில் என்பதை மெக்கானிக்கே நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும். நான்கு மாதமும் முடியும்வரை ஓட்டுபவருக்கு அது தெரியக் கூடாது. குறிப்பேடு உங்களிடமே இருக்கட்டும்.